முதுவீரரும் அணியும்

ஆண்டுதோறும் நம் இல்ல விளையாட்டுப் போட்டியின் நிறைவில் ஆசிரியர்க்கென ஓர் ஓட்டப் பந்தயம் வைப்பது வழக்கம். நாற்பதைக் கடந்த பின்னும் அதிற் கலந்துகொண்டு, யாவர்க்கும் பின்னாக வந்து சேர்ந்த அனுபவம் இக்கட்டுரையாளனுக்கு உண்டு. மூச்சு வாங்கி நின்றபோது மாணவன் ஒருவன் அருகில் வந்து, “சேர், அடுத்த வருஷம் நீங்கள் மணிக்கூடு பிடியுங்கோ” என்றான். ஏளனத்தால் அன்று, அன்பினாலேயே அவ்வாறு கூறினான். ஆயினும் அச்சொல் நெஞ்சில் நின்றுவிட்டது. கால் தளர்ந்த ஒருவனால் ஓர் அணிக்கு ஆகக்கூடியது நேரங் காட்டுதல் மட்டுந்தானா? அன்றி, ஓட்டத்தில் முந்த இயலாதவனும் ஆட்டத்துக்கு வேண்டியவனாய் இருத்தல் கூடுமா?

இவ்வினாவுக்கு விடை காண்பதற்குப் பாடசாலை விளையாட்டு ஏற்ற இடமன்று. இங்கே முதியோர்க்கு மரியாதை காரணமாகவும் இடம் அளிக்கப்படும். ஊதியம் பெற்று ஆடும் தொழின்முறை அணியிலோ நிலைமை வேறு. அங்கே பயன்படாதவனுக்குச் சம்பளம் இல்லை. அவனது இடத்தைப் பெற இளைஞர் பலர் காத்து நிற்பர். ஆகவே அத்தகைய அணியொன்று நாற்பது வயதினனை வைத்திருக்குமாயின், அதற்குத் தக்க காரணம் இருத்தல் வேண்டும். அத்தகைய அணிகளுள்ளும், வேகமே உயிராகிய விளையாட்டொன்றை எடுத்து ஆராய்தல் இன்னும் நன்று. வட அமெரிக்காவில் ஆடப்படும் பனிக்கட்டி ஹொக்கி அத்தகையது. நம் பழைய மாணவர் பலர் குடியேறி வாழும் ரொறன்ரோ மாநகரின் அணியே இதற்குத் தலையாய சான்றினைத் தருகின்றது.

விளையாட்டின் இயல்பு

நம் நாட்டிற் புற்றரையில் ஆடும் ஹொக்கியே நமக்குப் பழக்கமானது. கனடியர் ஹொக்கி என்று கூறுவது உறைந்த பனித்தளத்தில் ஆடப்படுவதாகும். வட அமெரிக்கத் தொழின்முறை அணிகள் ஆடும் தளம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உடையது. அதனைச் சுற்றிப் பலகை வேலி அமைந்திருக்கும். ஓர் அணியிற் கோல்காப்பாளர் ஒருவர், காப்பு வீரர் இருவர், முன்வரிசை வீரர் மூவர் என அறுவர் ஒரே வேளையில் ஆடுவர். பந்துக்குப் பதிலாக இறப்பர் வட்டொன்று பயன்படும். வீரர் உருக்கலகு பொருத்திய காலணிகளில் வழுக்கி விரைவர். எதிரியை உடலால் மோதித் தடுத்தலும் விதிக்கு உட்பட்டதே. ஆட்டம் இருபது நிமிடங் கொண்ட மூன்று பகுதிகளை உடையது. வேகம் மிகுதியாகையால், முன்னோடும் வீரர் ஒருவர் ஏறத்தாழ முக்கால் நிமிடம் ஆடியதும் வெளியேறி இளைப்பாற, ஆட்டம் நிற்காமலே வேறொருவர் அவ்விடத்தில் இறங்குவர்.

தேசிய ஹொக்கி லீக் என்பது இவ்விளையாட்டின் தலைமைப் போட்டித்தொடர். 2024–25 பருவத்தில் ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்கள் ஆடியது. அதன்பின் 16 அணிகள் ஸ்ரான்லிக் கிண்ணத்துக்காகப் போட்டியிட்டன. ஒவ்வொரு சுற்றிலும் முதலில் நான்கு வெற்றிகளை ஈட்டும் அணியே மேற்செல்லும்.

இத்தகைய ஆட்டத்தில் முதுமை ஒரு குறையே என்பதை மறைத்தல் ஆகாது. திடீரெனப் பாய்வதற்கு உதவும் விரைவுத் தசைநார்கள் வயதேற மெலிகின்றன. பட்ட காயம் ஆறுவதற்கு நாட்செல்கின்றது. கோலடிக்கும் முன்வரிசை வீரர் பெரும்பாலும் தம் இருபதுகளிலேயே உச்சநிலையை அடைந்துவிடுவர். காப்பு வீரரும் கோல்காப்பாளரும் அதனிலும் சிறிது காலம் நிலைத்து நிற்பர். எனவே முதுவீரரின் பயனை அவரது கால்களில் தேடுதல் வீண். அதனை வேறிடத்தில் தேடுவாம்.

1967ஆம் ஆண்டுச் சான்று

1967இல் ஸ்ரான்லிக் கிண்ணத்தை வென்ற ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் அணி, அக்கிண்ணத்தை வென்ற அணிகளுள் மிக முதியவற்றுள் ஒன்று. அதன் கோல்காப்பாளர் ஜோனி பவருக்கு வயது 42. மற்றைக் கோல்காப்பாளர் ரெறி சோச்சுக் 37 வயதினர். காப்பு வீரருள் அலன் ஸ்ரான்லிக்கு 41, ரிம் ஹோர்ட்டனுக்கு 37, மார்செல் புறொனோவோவுக்கு 36. முன்வரிசையில் ரெட் கெலிக்கு 39, அணித்தலைவர் ஜோர்ஜ் ஆம்ஸ்ரோங்குக்கு 36.

அப்பருவத்தில் இவ்வணி ஒருகாலத்தில் தொடர்ந்து பத்து ஆட்டங்களில் தோல்வியுற்றது. அதனைக் கண்டோர், இவர்தம் காலம் முடிந்தது என்று கருதியிருப்பின் வியப்பில்லை. எனினும் மூன்றாம் இடம் பெற்றுக் கிண்ணப் போட்டியில் நுழைந்த அவ்வணி, முதலிடம் பெற்றிருந்த சிக்காகோவை அரையிறுதியில் வென்று, மொன்றியல் அணியை இறுதிச் சுற்றிற் சந்தித்தது. அச்சுற்றின் இரண்டாம் ஆட்டத்தில் பவர் எதிரணி ஒரு கோலும் அடியாவண்ணம் காத்தார். மூன்றாம் ஆட்டம் மேலதிக நேரம் இருமுறை நீண்டபோதும் நிலைகுலையாது நின்று வெற்றிக்கு உதவினார். பின்னர் அவர் காயமுற, சோச்சுக் அவ்விடத்தை ஏற்று, ஐந்தாம் ஆறாம் ஆட்டங்களில் வெற்றியைக் காத்தார்.

ஆறாம் ஆட்டம் 1967 மே 2ஆந் திகதி நடைபெற்றது. ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்கும் குறைந்த நேரமே இருந்தது. ரொறன்ரோ 2–1 என முன்னின்றது. மொன்றியல் அணி தன் கோல்காப்பாளரை வெளியே அழைத்து, மேலுமொரு முன்வீரரை இறக்கியிருந்தது. வட்டு ரொறன்ரோவின் கோலுக்கு அண்மையில், இரு வீரர்க்கிடையே இடப்படவேண்டிய நிலை. அதனை எதிரி கைப்பற்றின் சமநிலை எய்தும் வாய்ப்பு மிகுதி. அவ்வேளையிற் பயிற்றுநர் பஞ்ச் இம்லாக் தளத்தில் இறக்கிய ஐவர் ஸ்ரான்லி, ஹோர்ட்டன், கெலி, ஆம்ஸ்ரோங், 31 வயதினரான பொப் புல்போர்ட் என்போராவர். அவர்களுள் முப்பதுக்குக் குறைந்தவர் எவருமிலர். மொன்றியலின் பெருவீரரான ஷோன் பெலிவோவுக்கு எதிராக வட்டுக்குப் போட்டியிடுமாறு, 41 வயதுக் காப்பு வீரராகிய ஸ்ரான்லியே நிறுத்தப்பட்டார். பெலிவோ அதனைக் கைப்பற்றாவாறு ஸ்ரான்லி செய்தார். கெலி அதனை எடுத்துப் புல்போர்ட்டுக்கு அனுப்ப, புல்போர்ட் ஆம்ஸ்ரோங்குக்கு வழங்கினார். ஆம்ஸ்ரோங் தொலைவிலிருந்தே காவலற்ற வலையினுட் செலுத்தினார். கிண்ணம் ரொறன்ரோவுக்கு உரியதாயிற்று.

இதனைக் கூறுவோர் பலரும் இவ்விடத்தோடு நிறுத்திவிடுவர். ஆனால் அதே ஆட்டத்தின் முதலிரு கோல்களையும் அடித்தோர் யாவர்? ஒருவர் 22 வயதினரான றொன் எலிஸ். மற்றவர் 27 வயதினரான ஜிம் பப்பின். அக்கிண்ணப் போட்டியின் சிறந்த வீரருக்குரிய பரிசைப் பெற்றவர் டேவ் கியோன். அவருக்கும் வயது 27. வெற்றியை ஈட்டுதற்கு இளையோரும், ஈட்டியதைக் காத்தற்கு முதியோரும் பயன்பட்டனர். இப்பாகுபாடே நம் ஆராய்ச்சிக்குத் திறவுகோல் எனலாம்.

முதுவீரர் செய்யும் பணி

முதலாவது பணி, ஓடாமலே உரிய இடத்தில் நிற்றல். இளம் வீரன் வட்டு இருக்கும் இடத்தை நோக்கி விரைவான். முதுவீரனோ அஃது எங்கே வரப்போகின்றது என்பதை முன்னரே உணர்ந்து அங்கு நிற்பான். ஆயிரம் ஆட்டங்களிற் கண்ட காட்சிகள் அவன் கண்ணிற் படிந்திருத்தலால், எதிரியின் தோள் சாயும் திசையைக் கொண்டே அவன் எண்ணத்தை அறிகின்றான். பத்தடி ஓட்டத்தை இவ்வாறு மிச்சம் பிடிப்பவனுக்கு வேகக் குறைவு பெரிதும் தோன்றாது. கோல்காப்பாளர் பணியில் இஃது இன்னும் தெளிவாகப் புலப்படும். பவர் நெடுங்காலம் சிறு போட்டித்தொடர்களில் ஆடி, 1958இலேயே ரொறன்ரோ அணியில் நிலையான இடம் பெற்றார். தம்மை நோக்கி வரும் வீரரின் வட்டைத் தக்க கணத்திற் கோலால் நீட்டித் தட்டிவிடுவதில் அவர் பேர்பெற்றவர். அக்கணத்தை அறிதற்குக் கால்வலிமையினும் பழக்கமே வேண்டும்.

இதன் எல்லையைக் காட்டியவர் கோர்டி ஹோவ். 1946இல் டிற்றொயிற் அணியிற் சேர்ந்த அவர், 1968–69 பருவத்தில், தம் 41ஆவது வயதை எட்டிய ஆண்டில், 103 புள்ளிகள் ஈட்டினார். இவ்விளையாட்டில் அடித்த கோலுக்கு ஒன்றும், கோலுக்கு உதவியமைக்கு ஒன்றுமாகப் புள்ளி கணிக்கப்படும் என்பதை இங்கு அறிதல் வேண்டும். 1971இல் ஓய்வு பெற்ற அவர் 1973இல் மீண்டு, தம் புதல்வர் இருவரோடும் ஹியூஸ்ரன் அணியில் ஆடினார். 1979–80 பருவத்தில் ஹார்ட்வேர்ட் அணிக்காக 80 ஆட்டங்களிலும் இறங்கி 15 கோல்களை அடித்தார். அப்பருவத்தில் அவருக்கு 52 வயது நிறைந்தது. எல்லாரும் ஹோவ் ஆதல் இயலாது என்பது உண்மையே. ஆயினும் உடல் விட்டுக்கொடுப்பதை அறிவு எத்துணைக் காலம் ஈடுசெய்யக்கூடும் என்பதற்கு அவர் வாழ்வு அளவுகோலாக உள்ளது.

இரண்டாவது பணி, நெருக்கடியில் நிலை தளராமை. 2002ஆம் ஆண்டு இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டம் டிற்றொயிற் அணிக்கும் கரோலைனா அணிக்கும் இடையே நிகழ்ந்தது. தோல்வியின் விளிம்பில் நின்ற டிற்றொயிற் அணிக்குச் சமநிலைக் கோலை அடித்தவர் 37 வயதினரான பிறெற் ஹல். பின்னர் மேலதிக நேரத்தின் மூன்றாம் பகுதியில், இரு அணியினரும் களைத்துச் சோர்ந்திருந்த வேளையில், வெற்றிக் கோலை அடித்தவர் ஈகோர் லறியோனொவ். அவருக்கு அப்போது 41 வயது. சோவியத் நாட்டு ஆட்டமுறையிற் பயின்று வந்த அவரை உடனாடியோர் ‘பேராசிரியர்’ என்றே அழைத்தனர். களைப்பு எல்லாரையும் ஒரே வேகத்துக்கு இறக்கிவிடும்போது, இளையோரின் மேம்பாடு குறைகின்றது. அவசரப்படாதவனின் மேம்பாடு எஞ்சி நிற்கின்றது.

மூன்றாவது பணி, தாம் அறிந்ததை ஒப்படைத்தல். ஆசிரியர் என்ற முறையில் இக்கட்டுரையாளன் இதனையே தலையாயதாகக் கருதுகின்றான். லறியோனொவ் 2002இற் கிண்ணம் வென்ற அணியிற் பாவெல் டற்சூக் என்னும் 23 வயது ரஷ்ய இளைஞர் தம் முதற் பருவத்தை ஆடிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் அவர் காப்புத் திறனிற் சிறந்த முன்வீரருக்குரிய பரிசை 2008 முதல் 2010 வரை மும்முறை தொடர்ந்து பெற்றார். இன்னோர் எடுத்துக்காட்டும் உளது. 2015–16 பருவத்திற் புளோரிடா அணியில் யரோமிர் யாகர் என்னும் செக் நாட்டு வீரர், 44 வயதை எட்டிய நிலையில், 66 புள்ளிகள் பெற்று அவ்வணியின் முதல்வராக விளங்கினார். அவரோடு ஒரே வரிசையில் ஆடியோர் 22 வயது ஜொனதன் ஹியூபர்டோவும் 20 வயது அலெக்சாண்டர் பார்க்கோவும் ஆவர். யாகர் ஆட்டம் முடிந்த பின்னரும், மற்றையோர் உறங்கும் வேளையிலும், தனித்துப் பயிற்சி செய்பவர் எனப் பெயர் பெற்றவர். அன்று அருகிருந்து அதனைக் கண்ட பார்க்கோவ், 2024இலும் 2025இலும் புளோரிடா அணித்தலைவராகக் கிண்ணத்தை ஏந்தினார். ஒருவர் மற்றவர்க்குக் கற்பித்ததை அளந்து காட்டுதல் அரிது. ஆயினும் பயிற்றுநர் கரும்பலகையில் வரைந்து காட்டும் பாடத்தை, அருகில் ஆடுபவன் தன் உடலாற் செய்து காட்டுகின்றான். எப்பாடம் மாணவன் மனத்திற் பதியும் என்பதை நம் வகுப்பறை அனுபவமே கூறும்.

எதிர்வாதமும் எல்லையும்

இவற்றைக் கேட்டுப் புள்ளிவிவரம் அறிந்தோர் சிலர் மறுப்புக் கூறுவர். “வென்ற அணியில் முதியவர் இருந்தால் அவராலேயே வெற்றி கிட்டியது என்கின்றீர், தோற்ற அணிகளிலும் முதியவர் இருந்தனரன்றோ?” என வினவுவர். இம்மறுப்பு வலியுடையது. 1967 மே 2ஆந் திகதி மொன்றியலின் கோலைக் காத்த கம்ப் வேர்ஸ்லியும் 37 வயதினரே. அவரது முதுமை அன்று அவ்வணியைக் காக்கவில்லை. எனவே, நரைத்த தலை ஒன்று உடைமாற்றும் அறையில் இருந்தாற் போதும், வெற்றி தானே வரும் என நம்புதல் பேதைமை. மேலே கூறிய மூன்று பணிகளுள் ஒன்றையேனும் தளத்திற் செய்பவரே பயனுள்ள முதுவீரர். பழம்புகழை மட்டும் சுமந்து நிற்பவர் அணிக்குப் பாரமாவர்.

அளவு கடந்து முதியோரையே நம்பும் அணி எய்தும் கதியையும் அதே ரொறன்ரோ அணி காட்டுகின்றது. 1967–68 பருவத்தில் அது தன் பிரிவிலே ஐந்தாம் இடத்துக்கு இறங்கி, கிண்ணப் போட்டிக்கே தகுதி பெறாது போயிற்று. 1968 மே மாதத்தில் அவ்வணி, முந்திய ஆண்டின் வெற்றிக்கு உழைத்த 28 வயதினரான பப்பினைச் சிக்காகோவுக்குக் கொடுத்து, 36 வயதினரான பியர் பிலோட் என்னும் காப்பு வீரரைப் பெற்றது. பிலோட் தம் காலத்திற் பெருவீரரே. ஆயினும் ரொறன்ரோவில் ஒரு பருவம் மட்டும் ஆடி ஓய்வு பெற்றார். பப்பினோ சிக்காகோவிற் பல ஆண்டுகள் ஆடி, 1972–73இல் 41 கோல்கள் அடித்தார். இம்லாக் 1969இற் பதவி நீக்கப்பட்டார். 1967க்குப் பின் 2025 வரை அந்நகர் ஸ்ரான்லிக் கிண்ணத்தைக் கண்டதில்லை. இத்துணை நீண்ட வறுமைக்கு ஒரு மாற்றமே காரணம் என்று கூறுதல் மிகையாகும். எனினும் முதியோரின் பயனை ஒருமுறை கண்டு மகிழ்ந்தோர், அதனையே மருந்தாகக் கொண்டு இளையோரை இழந்தனர் என்பது மறுக்கவொண்ணாதது.

தற்கால விதிகளும் இவ்வெச்சரிக்கையை உட்கொண்டவை. தொழிற் பிணக்கினால் 2004–05 பருவம் முழுவதும் நடைபெறாது போனபின், 2005 முதல் ஒவ்வோர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் உச்ச வரம்பு விதிக்கப்பட்டது. 2024–25இல் அவ்வரம்பு 88 மில்லியன் டொலர். தனி வீரர் ஒருவர்க்குரிய ஆகக் குறைந்த சம்பளம் 775,000 டொலர். பெருவீரர் சிலர்க்கே பணத்தின் பெரும்பகுதி செல்லுமாதலால், எஞ்சிய இடங்களைக் குறைந்த செலவில் நிரப்புதல் இன்றியமையாதது. அங்கே ஓராண்டு ஒப்பந்தத்தில், சிறு ஊதியத்துக்கு, ஒரு குறித்த பணியைப் பிழையறச் செய்யும் முதுவீரர் அரிய பொருளாகின்றார். 35 வயதை எட்டியவர்க்கு ஓராண்டு ஒப்பந்தத்தில், ஆடிய அளவுக்கேற்ப மேலதிகக் கொடை வழங்கவும் விதி இடமளிக்கின்றது. ஆனால் அவ்வயதின் பின் பல ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்தால், வீரர் இடையில் ஓய்வு பெற்றாலும், சில நிபந்தனைகளின்கீழ் அவரது ஊதியம் அணியின் கணக்கில் நின்று வருத்தும். முதுமையை மதிக்கலாம், அதன்மீது நெடுங்காலக் கடன் வாங்குதல் ஆகாது என்பதே இவ்விதியின் உட்கிடை.

தக்க அளவில் இணைத்தலின் நன்மையை 2025ஆம் ஆண்டு மீண்டும் காட்டிற்று. பொஸ்ரன் அணியின் தலைவராயிருந்த பிராட் மார்ச்சண்ட் அவ்வாண்டு மார்ச்சில் புளோரிடாவுக்கு மாற்றப்பட்டார். அங்கே 37 வயதினரான அவரை 23 வயது அன்ரன் லண்டெல், 26 வயது ஈற்று லூஸ்ரறினென் என்னும் இருவரோடு ஒரே வரிசையில் ஆடவிட்டனர். எட்மன்ரனுக்கு எதிரான இறுதிச் சுற்றில் அவர் ஆறு கோல்கள் அடித்தார். இரண்டாம் ஆட்டத்தை மேலதிக நேரத்தில் வென்றதும் அவர் கோலாலேயே. இளங்கால்கள் இரண்டு பக்கமும் விரைய, நடுவே பழகிய கண் ஒன்று இருந்தது.

முடிவு

திருவள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். அதனைப் பொருட்பாலில், அரசியல் இயலுள் அமைத்தார் என்பது கருதத்தக்கது. முதியோரை மதித்தல் நல்லொழுக்கம் மட்டுமன்று. காரியம் முடித்தற்குரிய உபாயமுமாம் என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும். துணைக்கோடல் என்றாரன்றி, எல்லாவற்றையும் அவரிடமே விட்டுவிடுக என்றாரல்லர். தொழின்முறை ஹொக்கியின் வரலாறு கூறுவதும் அதுவே. முதுவீரர் சிலராயிருத்தல் வேண்டும். அவர்க்கு ஏற்ற பணி குறிக்கப்படல் வேண்டும். அவர் அருகே கற்றுக்கொள்ளும் இளைஞர் நிற்றல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும் அவரது அனுபவம் அவரோடேயே ஓய்வு பெற்றுவிடும்.

இக்கட்டுரையின் தொடக்கத்தில் வந்த மாணவனுக்கும் ஒன்று கூறவேண்டியுள்ளது. அடுத்த ஆண்டு ஆசிரியன் மணிக்கூடு பிடிக்க உடன்படுகின்றான், அப்பணியிலும் குறைவில்லை. ஆயினும் ஓடுகளத்தின் தொடக்கக் கோட்டில், அம்மாணவன் குனிந்து ஆயத்தமாகும் வேளையில், பின்னங்காலை எங்கே ஊன்றவேண்டும் என்பதை ஒருமுறை அவனிடம் சொல்லிவிட்டே மணிக்கூட்டைக் கையிலெடுப்பான்.